கௌரவ உறுப்பினரின் தலையசைப்பு

சிப்பிக்குடாவில் யூதாசுக்குக் கயிறு இழுப்பவள் லூசியா. ஊரில் யாரும் பொறாமைப்படாத உரிமை அது ஒன்றுதான்.

மன்னாரில் தோட்டவெளியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் சிப்பிக்குடா. தவக்காலம் முடியும்போது அங்கே பாஸ் காட்டுவார்கள், யேசுவின் பாடுகளை. ஆட்கள் நடிப்பதில்லை. ஆளுயர மரப்பொம்மைகள் இருக்கின்றன, உடக்கு என்று பெயர். தலைக்கொரு கயிறு, கைக்கொரு கயிறு கட்டி மேடைக்குக் கீழே குந்தியிருந்து இழுப்பார்கள். எந்தக் கயிறு எந்தக் குடும்பத்துக்கு என்பது பாட்டன் பூட்டன் காலத்தில் தீர்ந்த விஷயம். தீர்ந்தது என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. யேசுவின் கயிற்றுக்காக இன்றைக்கும் இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதில்லை. யூதாசின் கயிறு மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல் லூசியாவின் புருசன் யோசேப்பின் குடும்பத்தில் கிடந்தது.

அந்தப் பாவத்துக்கு ஈடாக ஊர் ஒரு சலுகை வைத்திருந்தது. சாம்பல் புதன் தொடக்கம் உயிர்த்த ஞாயிறு வரை யூதாஸ் குடும்பத்தாரை யாரும் ஏசக்கூடாது. சிப்பிக்குடாக்காரரை ஏசாமல் இருக்கச் சொல்வது மீனைக் கரையில் இருக்கச் சொல்வது போல. யோசேப்பும் லேசுப்பட்டவன் இல்லை. வருசம் முழுக்கப் பேச வேண்டியதையெல்லாம் அந்தக் காலத்தில்தான் பேசி முடிப்பான். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உயிர்ப்பு மணி அடிக்கும்வரை காத்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிப்பிக்குடா யூதாஸ் யேசுவை முத்தமிடுவதில்லை. மரக்கழுத்து வளையாது. ஒரு காலத்தில் வளைக்கப் பார்த்து யேசுவின் மூக்கு உடைந்துபோனது. அன்றிலிருந்து சேவகர் வந்து நிற்பார்கள், யூதாஸ் யேசுவைப் பார்த்துத் தலையாட்டுவான், பிடித்துக்கொண்டு போவார்கள். புதிதாக வருகிற சுவாமிமார் எல்லாரும் இது எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது என்று ஒருதரம் கேட்பார்கள். மூக்கின் கதையைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

யோசேப்பின் காலத்தில் யூதாஸ் ஒருதரம்தான் ஆட்டுவான், நேராக, கீழே. இரண்டாயிரத்து ஏழில் ஒரு விடியற்காலை ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் கோயில் வளவுக்குள் கூப்பிட்டு வரிசையில் நடக்கவிட்டார்கள். வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கதிரை, கதிரையில் ஒரு ஆள், ஆளின் தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தக் காலத்தில் தலையாட்டி என்றால் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும், அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். யோசேப் அந்தக் கதிரைக்கு முன்னால் வந்தபோது சாக்கு இடப்பக்கமாகச் சற்றே சரிந்தது, பிறகு இரண்டு தரம் இறங்கியது. வேலியோரம் நின்ற லூசியா கண்டாள். பக்கத்தில் நின்ற பெண்களும் தங்கள் தங்கள் ஆட்கள் போனபோது கண்டார்கள். அன்று கொண்டுபோன ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த தவக்காலம் கயிறு இழுக்க ஆள் வேண்டியிருந்தது. லூசியா மேடைக்குக் கீழே போனாள். எப்படி இழுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. கை தன்பாட்டில் இழுத்தது. யூதாசின் தலை இடப்பக்கமாகச் சற்றே சரிந்து, இரண்டு தரம் இறங்கியது. முன்னால் இருந்த பெண்கள் சிலர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏன் இப்படி இழுத்தாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. தவக்காலம் அல்லவா, ஏசக்கூடாது. பிறகு அதுவே யூதாசின் பழக்கமாகிவிட்டது.

இனிக் கௌரவ யசோதரனுக்கு வருவோம். இவர் பாராளுமன்ற உறுப்பினர். சண்டை முடிந்த கையோடு கொழும்பிலிருந்து வந்து இறங்கி, மக்களுக்காகவே பிறந்தவர் என்று தானே சொல்லி, மக்களும் கேட்டுக் களைத்துப்போய் வாக்குப் போட்டுவிட்ட மனிதர். அவருடைய தேர்தல் பிரசுரத்தில் பிறப்பு, படிப்பு, மணம், மக்கள் எல்லாம் விபரமாக இருக்கும். சண்டைக்காலத்துக்கு மட்டும் ‘சமூக சேவை’ என்று ஒரே சொல். என்ன சேவை, எந்தச் சமூகத்துக்கு என்று கேட்கிறவன் கேப்பையில் நெய் வடியுமா என்றும் கேட்பான். ஆகையால் யாரும் கேட்கவில்லை.

பாராளுமன்றத்தில் அவருக்குப் பேச்சுக் கிடைப்பது குறைவு. ஆனால் அமைச்சர்மாருக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. அமைச்சர் பேசப்பேச இவர் பின்னால் இருந்து தலையாட்டுவார். ஆட்சி மாறியது, அமைச்சர் மாறினார், தலையாட்டல் மாறவில்லை. இந்த விஷயத்தில் அவரிடம் கட்சி பேதமே கிடையாது.

போன வருசப் பாசுக்கு அவரைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். வழக்கம்போலப் பிந்தித்தான் வந்தார். அவர் வந்து, பெரிய வெள்ளியில் மாலை போடலாமா என்று கோயில் சபையார் தங்களுக்குள் வாதாடி, முடிவில் ஊதாச் சால்வை ஒன்றைப் போர்த்தி முடியும்வரை சீடர்கள் பன்னிரண்டு பேரும் கடைசி இராப்போசனத்தில் அப்பத்துக்குக் கைநீட்டியபடி இருந்தார்கள். பிறகு யூதாஸ் தலையாட்டினான். இளைஞர் கழகத்து றொசாந்தன் அதைக் கைபேசியில் பிடித்தான். அதோடு விட்டானா? அமைச்சர் ஒருவருக்குப் பின்னால் கௌரவ யசோதரன் தலையாட்டுகிற ரீவிப் படத்தை எடுத்துப் பக்கத்தில் ஒட்டி, பேஸ்புக்கில் போட்டான். மேலே ஒரு சொல்கூட எழுதவில்லை. இரண்டு தலையும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் சரிந்து, ஒரே நேரத்தில் இரண்டு தரம் இறங்கின. நாட்டில் அந்தக் கிழமை வேறு பகிடி இருக்கவில்லை.

கௌரவ உறுப்பினர் பேசாமல் இருந்திருந்தால் அடுத்த கிழமை வேறு பகிடி வந்திருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் சிறப்புரிமைப் பிரச்சினை எழுப்பினார்.

“கௌரவ சபாநாயகர் அவர்களே, என் கொடும்பாவியை எரித்திருக்கிறார்கள், பொறுத்தேன். என் படத்துக்குக் கொம்பு வைத்திருக்கிறார்கள், பொறுத்தேன். இன்று என் தலையசைப்பை எடுத்துவிட்டார்கள். இது என் தகப்பன் தந்ததல்ல, நானாகப் பொதுவாழ்வில் உழைத்துத் தேடியது. இடப்பக்கம் சற்றுச் சரிந்து, இரண்டு முறை. இந்த நாட்டில் இப்படித் தலையசைக்கிறவன் என்னைத் தவிர வேறொருவன் இல்லை. அதைக் கொண்டுபோய் ஒரு காட்டிக்கொடுப்பவனின் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஓர் உறுப்பினரின் அடையாளத்தைத் திரிப்பது இந்த உயர்ந்த சபையின் அடையாளத்தைத் திரிப்பதாகும்.”

ஆளும் பக்கமும் எதிர்ப் பக்கமும் ஒன்றாகத் தலையாட்டின. ஏழைகளின் சாப்பாட்டைப் பற்றிய விவாதத்தில் கூட வராத ஒற்றுமை அது. உறுப்பினர் அடையாளப் பாதுகாப்பு உபகுழு என்று ஒன்று பிறந்தது.

பொலிஸ்காரன் கடிதம் கொண்டுவந்தபோது லூசியா மீன் காயவிடும் வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். உறையில் இருந்த அரச முத்திரையைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள். காணாமல்போனவர்களை விசாரிக்கிற எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கு அவள் போயிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அவளேதான் தேடிப் போனாள், ஒருவரும் வீட்டுக்குத் தேடி வந்து கூப்பிட்டதில்லை. அன்று பின்னேரம் மன்னாரில் தையல் கடையிலிருந்து மகள் டினோஜா வரும்வரை உறையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

டினோஜா வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள்.

“அம்மா, இது அப்பான்ர அலுவல் இல்லை. யூதாசின்ர அலுவல்.”

“பாராளுமன்றத்தில இருந்து இவ்வளவு தூரம் யூதாசுக்காக ஆக்கள் வருவினமே? நீ வடிவா வாசி.”

வடிவாக வாசித்தாலும் அப்படித்தான் இருந்தது. லூசியா நம்பவில்லை. யூதாசைச் சாட்டாக வைத்து உள்ளுக்குள் யோசேப்பைப் பற்றித்தான் கேட்கப் போகிறார்கள், வெளியில் சொல்லப் பயம், அதனால்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மகளுக்கே விளக்கினாள். விசாரணை நாள் காலையில் யோசேப்பின் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

விசாரணை கோயில் மண்டபத்தில் நடந்தது. முதலில் யூதாசைத்தான் கொழும்புக்கு எடுப்பதாக இருந்தது. எதில் ஏற்றுவது என்பதில் சிக்கல் வந்தது. உடக்கு ஓர் உறுப்பினரின் சாயல் என்றால் குளிரூட்டிய வாகனமும் பாதுகாப்பும் கொடுக்க வேண்டும். குற்றப் பொருள் என்றால் பொலிஸ் ட்ரக்கில் ஏற்ற வேண்டும். எது என்று தீர்மானிக்கத்தானே விசாரணை? கந்தோருக்கும் கந்தோருக்கும் கடிதம் போய்வந்து, கடைசியில் உபகுழு தானே புறப்பட்டு வந்தது. மன்னாரில் நண்டு நல்லது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

யூதாசுக்கு ஒரு கதிரை போட்டு, முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தார்கள். எதிரே கௌரவ யசோதரனுக்கும் ஒரு கதிரை, ஒரு போத்தல். நடுவில் தலைவர். அவர் சிங்களத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை யாரும் வீட்டில் பேசாத தமிழில் சொன்னார். தலைவருக்குப் பக்கத்தில் உபகுழுவின் செயலாளர் இந்திராதேவி. விதிக்கோவை அந்த அம்மாவின் மனதில் கிடந்தது. சிரிப்பதற்கு விதி இல்லாததால் சிரிக்கவில்லை. லூசியாவும், பாசில் கயிறு இழுக்கிற மற்றவர்களும், போன வருசம் முன்வரிசையில் இருந்து பார்த்தவர்களும் சாட்சிகளாகப் பின்னால் போட்ட வாங்குகளில் இருந்தார்கள்.

முதலில் முகத்தை எடுத்தார்கள். யூதாசின் முகம் எப்போது செதுக்கியது என்று கேட்க, அது தன் பாட்டனின் பாட்டன் காலத்தில் இருந்தே இருக்கிறது என்று கோயில் சபைத் தலைவர் சொன்னார். அப்போது கௌரவ உறுப்பினர் பிறக்கவில்லையே என்று ஒரு குழு அங்கத்தவர் யோசித்தார். அப்படியானால் உறுப்பினர்தான் யூதாசைப் பார்த்து...? உபகுழுத் தலைவர் மேசையில் தட்டினார்.

“ஒரு மக்கள் பிரதிநிதி எதனுடைய பிரதியாகவும் இருக்க முடியாது,” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். “இது முற்கூட்டியே இழைக்கப்பட்ட அவமதிப்பு எனத் தலைவர் கருதுகிறார். ஆயினும் இழைத்தவர் காலமாகிவிட்டதால், முகம் மன்னிக்கப்படுகிறது.”

மிஞ்சியது தலையசைப்பு. கௌரவ யசோதரன் எழுந்து நின்று ஒரு மணித்தியாலம் அதைப் பற்றிப் பேசினார். ரீவிப் படங்கள் காட்டினார். இன்ன தேதி இன்ன சட்டமூலத்துக்கு இப்படி ஆட்டினேன், இன்ன அமைச்சருக்கு இப்படி ஆட்டினேன் என்று வரிசையாகச் சொன்னார். முழு நாட்டிலும் இது தன் ஒருவருக்கே சொந்தம் என்று குழுவினர் மனம் உருகும்படி நிறுவினார்.

பிறகு லூசியாவைக் கூப்பிட்டார்கள். ஆண்டவரே, ஒருவழியாகக் கேட்கப் போகிறார்கள் என்று அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். யூதாசின் தலையை இப்படி ஆட்டச் சொல்லித்தந்தது யார் என்று கேட்டார்கள்.

“ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. என்ர மனிசன் இருக்கேக்க யூதாஸ் நேராத்தான் ஆட்டினது. ஒருக்கால்.”

ரீவியில் கௌரவ உறுப்பினரைப் பார்த்துப் பழகினீரா என்று இந்திராதேவி கேட்டாள். வீட்டில் ரீவி இல்லை என்றாள் லூசியா. அப்படியானால் இந்தத் தலையசைப்பை எங்கே, எப்போது கண்டீர்?

“இரண்டாயிரத்து ஏழில. இந்தக் கோயில் வளவுக்க, வேப்பமரத்துக்குக் கீழ. ஒராள் கதிரையில இருந்தவர். தலையில சாக்கு. எங்கட ஆக்களைப் பார்த்து இப்பிடித்தான் ஆட்டினவர். என்ர மனிசனுக்கும் ஆட்டினவர்.”

மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கி, ‘தலையணி அணிந்து அமர்ந்திருந்த ஒருவர்’ என்று பெயர்த்தார். தலைவர் திருப்தியோடு எழுதிக்கொண்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: தலையசைப்பு கௌரவ உறுப்பினருக்கு மாத்திரமே உரியது, இந்தப் பெண் அதை நேரில் கண்டிருக்கிறாள், கண்டு எடுத்திருக்கிறாள். கணக்கு நேராக வந்தது.

கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று அந்த மேசையில் ஒருவருக்குத்தான் விளங்கியது. கௌரவ யசோதரன் போத்தலைத் திறந்து முழுத் தண்ணீரையும் குடித்தார். பிறகு எழுந்து, பாவம் ஏழைப் பெண், தன் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்கள் கௌரவம் உங்களுடையதென்று நினைக்கிறீர்களா? அது பாராளுமன்றத்தின் சொத்து. நீங்கள் அதைச் சுமந்து திரிபவர் மாத்திரமே. சுமப்பவர் மூட்டையைத் தானம் செய்ய முடியாது.”

இந்திராதேவி விதியைச் சொன்னாள். தலையசைப்பு உறுப்பினருக்கு உரியதல்ல என்று இப்போது ஆனால், அவர் சபையில் பொய் சொன்னவராவார். சபையைத் தவறாக வழிநடத்தியவர் ஆசனத்தை இழக்க நேரிடும். ஆகவே கௌரவ உறுப்பினர் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும், தலையசைப்பு அவருடையதா, இல்லையா?

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேப்பமரம் அங்கேதான் நின்றது. ஆசனத்தையும் நினைத்துப் பார்த்தார் போலும்.

“என்னுடையதுதான்,” என்றார்.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் உபகுழு ஒன்று இவ்வளவு தூரம் வந்து விஞ்ஞானபூர்வமாக ஒன்றும் செய்யாமல் திரும்பினால் அறிக்கை மெலிந்துவிடும். இரண்டு தலையசைப்புகளையும் ஒப்புநோக்க வேண்டும் என்றார் தலைவர். முகத்தைக் கண்டால் சாட்சிகளின் மனம் சாயும், இரண்டு முகத்தையும் மூடுவதே முறை என்றாள் இந்திராதேவி. மூடத் துணி இல்லை. மண்டபத்தின் சாமான் அறையில் தேடிப்போன ஊழியர் இரண்டு அரிசிச் சாக்குகளோடு வந்தார். ஓர் உறுப்பினரின் பார்வையை மறைப்பது அவரது கடமைக்கு இடையூறு, அதுவும் சிறப்புரிமை மீறல் என்று இந்திராதேவி இன்னொரு விதியைச் சொன்னாள். ஆகையால் கத்தரிக்கோல் எடுத்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினார்கள்.

ஒரு சாக்கை யூதாசின் தலையில் போட்டார்கள். மற்றதைக் கௌரவ யசோதரனின் தலையில் போட்டார்கள். சாட்சிகள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து இரண்டு கதிரைகளுக்கும் முன்னால் நடந்து போக வேண்டும் என்றார் தலைவர்.

மண்டபத்தின் பின்பக்கம் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. முதல் சாட்சி அவள்தான். நடந்து போய்ச் சாக்குக்கு முன்னால் நின்றாள். ஓட்டைகளுக்குள் இரண்டு கண் இருந்தது.

“தலையசைக்கவும்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

சாக்கு நேராக, ஒருதரம் கீழே இறங்கியது. இது பாராளுமன்றப் பதிவேட்டில் உள்ள தலையசைப்பு அல்லவே என்று தலைவர் அதட்டினார். திரும்ப அசைக்கச் சொன்னார். இந்த முறை கௌரவ உறுப்பினர் வலப்பக்கமாக ஏதோ செய்து பார்த்தார். ஆசனம் நினைவிருக்கிறதா என்று தலைவர் கேட்டார். மூன்றாவது முறை பழக்கம் தன் வேலையைச் செய்தது. இடப்பக்கமாகச் சற்றே சரிந்து, இரண்டு தரம்.

பின்னால் வாங்குகள் இழுபட்டன. பெண்கள் எல்லாரும் எழும்பி நின்றார்கள்.

“இனங்காண்கிறீரா?” என்று இந்திராதேவி கேட்டாள்.

“ஓம். இவர்தான்,” என்றாள் லூசியா.

குழு அங்கத்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். லூசியா பையைப் பிரித்து யோசேப்பின் படத்தை எடுத்து, சாக்கின் ஓட்டைகளுக்கு நேரே பிடித்தாள். இத்தனை வருசமாக எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அழுது கேட்டவள் அன்று அழவில்லை.

“இவரைப் பார்த்துத்தான் தலையாட்டினனீங்கள். அதுக்குப் பிறகு எங்க கொண்டுபோனவை?”

சாக்கு அசையவில்லை. இந்தக் கேள்வி உபகுழுவின் ஆய்வுப் பரப்புக்குள் வராது என்று தலைவர் தீர்ப்பளித்தார். மேலும், சாட்சி உறுப்பினரைக் கேள்வி கேட்பது சிறப்புரிமை மீறல். இங்கே சொல்லப்பட்ட எதையும் வைத்து எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரவும் முடியாது, இது பாராளுமன்ற நடவடிக்கை. தெரியாமல் கேட்டதால் மன்னித்து, கேள்வியைப் பதிவிலிருந்து நீக்கும்படி சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு நண்டு வந்துவிட்டது.

லூசியா அன்று இரவு சாப்பிடவில்லை. ஆளைத் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். தெரியாமல் இருந்த காலத்தில் யாரையாவது சந்தேகிக்கவாவது முடிந்தது. இப்போது ஆள் யார், வீடு எங்கே, எந்த வாகனத்தில் போகிறான் என்று எல்லாம் தெரியும், யோசேப் எங்கே என்பது மட்டும் தெரியாது. அந்த வேதனையை மகளிடமும் சொல்ல முடியாமல் வாடிப் பக்கம் போய் இருந்தாள்.

அறிக்கை வந்தது. கௌரவ உறுப்பினரின் முறைப்பாடு முழுமையாக நிரூபணமாகியிருந்தது. யூதாஸ் இனித் தலையாட்டக்கூடாது. இந்த வருசப் பாசில், வழக்கமாகத் தலையாட்டும் அதே இடத்தில், லூசியா ஒலிபெருக்கியில் பகிரங்க மன்னிப்பு வாசிக்க வேண்டும். முறைப்பாட்டாளர் நேரில் இருந்து தலையசைத்து ஏற்றால்தான் மன்னிப்பு செல்லுபடியாகும். மன்னிப்பின் வாசகத்தை இந்திராதேவியே எழுதியிருந்தாள்.

வாசகத்தைப் படித்த கௌரவ யசோதரன் அவளுக்குத் தொலைபேசி எடுத்துக் கெஞ்சினார் என்று கேள்வி. இடம், காலம், சூழல் மூன்றும் இல்லாத மன்னிப்பு மன்னிப்பே ஆகாது, நிரூபணமான விடயத்தை நீக்குவது சபையை அவமதிப்பது என்று விதி இருக்கிறது, என்றாளாம். எந்தப் பாவி கொண்டுவந்த விதி என்று கேட்டாராம். போன வருசம் நிறைவேறியது, நீங்களும் தலையசைத்தீர்கள் என்றாளாம்.

பெரிய வெள்ளி வந்தது. பின்னேர வெயில் தணிந்ததும் கோயில் வளவு நிரம்பிவிட்டது. சுற்றுவட்டாரத்து ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இந்த முறை கௌரவ யசோதரன் பிந்தவில்லை, பொலிஸ் பாதுகாப்போடு நேரத்துக்கு வந்தார். சால்வை போர்த்த யாரும் முன்வராததால் சும்மாவே இருந்தார். ஒலிவ மலையில் சேவகர் வந்து நின்றார்கள். யூதாஸ் யேசுவைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். லூசியா கயிற்றை விட்டுவிட்டு மேடைக்குக் கீழிருந்து வெளியே வந்தாள். டினோஜா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொடுக்க, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

“சிப்பிக்குடாவைச் சேர்ந்த யோசேப் லூசியாவாகிய நான், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு சுற்றிவளைப்பின்போது, இவ்வாலய வளவில், தலையில் சாக்கு அணிந்து கதிரையில் அமர்ந்திருந்து, என் கணவர் உட்பட இவ்வூரவர் பலரைப் பார்த்துத் தலையசைத்த கௌரவ யசோதரன் அவர்களை நேரில் கண்டு, அவருக்கு மாத்திரமே உரிய அத்தலையசைப்பை அவரது அனுமதியின்றி யூதாஸ் என்னும் உடக்கில் பயன்படுத்தியமைக்காக, அவரிடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்கிறேன்.”

தலையணி என்றிருந்த இடத்தில் அவள் சாக்கு என்று வாசித்தாள். அது ஒன்றுதான் அவள் மாற்றியது.

பிறகு முன்னுக்கு இருந்த வசந்தமலர் எழும்பினாள். அவளுடைய தமையன்மார் இருவரையும் அன்று கொண்டுபோனார்கள். நேரே கௌரவ உறுப்பினரின் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்டைக்கு நானும் கண்டனான். என்னையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கண்டவர்கள் எல்லாரும் வந்தார்கள், மேடையிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் வரிசை நீண்டது. ஒவ்வொருத்தியாகக் கதிரைக்கு முன்னால் நின்று, கண்டதற்கு மன்னிப்புக் கேட்டு, நகர்ந்தாள். பொலிஸ் அதிகாரி தடுக்கலாமா என்று யோசித்தார். மக்கள் பிரதிநிதியிடம் மன்னிப்புக் கேட்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று அவருக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டார். கௌரவ யசோதரன் கழுத்தை விறைத்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

லூசியா ஒலிவாங்கியை மகளிடம் கொடுத்துவிட்டு வரிசையின் முன்னுக்கு வந்தாள். பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள்.

“நான் மன்னிப்புக் கேட்டிட்டன்,” என்றாள். “நீங்கள் வாயால ஒண்டும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. அவர் உயிரோட இல்லையெண்டா ஒருக்காத் தலையாட்டுங்கோ. நான் பூசைக்குக் குடுத்திட்டு அழுதிட்டுப் போறன்.”

அவர் தாடையில் இருந்து கையை எடுக்கவில்லை. மேடையில் சேவகர்கள் நின்றபடி நின்றார்கள், யேசு நின்றபடி நின்றார். லூசியா அவருக்கு முன்னாலேயே நின்றாள். வரிசை அவளுக்குப் பின்னால் நின்றது.